கண்ணில் ஒற்றிக்கொண்ட படங்கள்

மயிலாப்பூரில் புத்தகங்களில் இருந்த படங்கள் படித்தவர்களின் கண்ணுக்குள் குடிபோகத் தொடங்கியது 1968ஆம் ஆண்டு ஐப்பசி மாதத்தில். அந்த மாதம் மழை வழக்கம்போலத்தான் பெய்தது. கத்தரிக்காய் விலை கொஞ்சம் ஏறியிருந்தது. முதலில் போனவை தஞ்சைப் பக்கத்துச் செப்புத் திருமேனிகள். சித்திரக்குளம் பக்கம் குடியிருந்த மீனாட்சி மாமி, ‘ஏடும் எழிலும்’ என்ற மாத இதழில் ஒரு மதிப்புரை படித்தார். செப்புத் திருமேனிகளைப் படம் பிடித்துப் போட்ட பெரிய புத்தகம் ஒன்றைப் பற்றி சுந்தரவல்லி எழுதியது. கடைசி வரியில், ‘பக்கத்துக்குப் பக்கம் கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம்’ என்று இருந்தது. தமிழில் மதிப்புரை எழுதுகிறவர்கள் எல்லாரும் எப்போதாவது எழுதுகிற வரிதான். ஆனால் அச்சில் வந்ததை அப்படியே நம்புகிறவர் மாமி. கைகால் கழுவிக்கொண்டு, புத்தகத்தை மணைமேல் வைத்து, கற்பூரத் தட்டை வணங்குவதுபோல வணங்கி, அம்பாள் இருந்த பக்கத்தைத் தூக்கி இரண்டு கண்ணிலும் ஒற்றிக்கொண்டார். எடுத்துப் பார்த்தபோது பக்கம் சலவை வேட்டியாக வெளுத்திருந்தது. மாமியின் கண்மணிக்குள், கடுகளவில், இடுப்பை ஒடித்தபடி அம்பாள் நின்றுகொண்டிருந்தாள்.

மறுநாள் காலையில் மாமி, மந்தவெளியில் இருந்த சுந்தரவல்லியின் வீட்டை விசாரித்துக்கொண்டு வந்து சேர்ந்தார். புகார் சொல்ல வரவில்லை.

“எங்காத்துல எல்லாரும் பாத்துட்டா. என் கண்ணுல ஜோரா நிக்கறாளாம். எனக்குத்தான் தெரியமாட்டேங்கறது. கண்ணாடியில பாத்தாலும் வெறும் கண்ணுதான். நீ பாத்துச் சொல்லேன், மூக்குத்தி இருக்கோ?”

சுந்தரவல்லி பார்த்தாள். இருந்தது.

“இருக்கு மாமி.”

“அப்பாடா” என்று சொல்லி, மாமி காபி சாப்பிட்டுவிட்டுப் போனார்.

சுந்தரவல்லி பள்ளி இறுதி வகுப்பு வரைதான் படித்தவள். இதழாசிரியர் நெடுஞ்செழியன் நாவல்களையும் ஆராய்ச்சி நூல்களையும் பட்டம் பெற்றவர்களிடம் கொடுத்துவிடுவார். படம் போட்ட புத்தகங்கள் மட்டும் இவளுக்கு மிஞ்சும். கோயில் சுவர் ஓவியங்கள், மலைவாசிகளின் நகைகள், ஐரோப்பிய நகரங்களின் புகைப்படங்கள் என்று வருகிற எல்லாவற்றையும் அவள் மத்தியான வேளைகளில் ஜன்னல் வெளிச்சத்தில் நிதானமாகப் பார்ப்பாள். பிடித்தால்தான் அந்த வரியை எழுதுவாள். பிடித்ததாக அவள் எழுதிய எந்தப் படமும் பிறகு தாளில் தங்கவில்லை. ஒற்றுத்தாள் மையை இழுப்பதுபோலக் கண் இழுத்துக்கொண்டது. பத்திரமாக இருக்கட்டும் என்று ரசகற்பூர உருண்டை போட்டு பீரோவில் பூட்டியவர்களுக்கும் படம் மிஞ்சவில்லை. ஒற்றிக்கொள்ள ஆள் இல்லாமலே மெல்ல வெளிறி, தை மாதத்துக்குள் வெள்ளைத்தாளாகிப்போனது. மற்ற விமரிசகர்களும் அதே வரியை எழுதிப் பார்த்தார்கள். அவர்களுடைய வாசகர்களுக்குக் கன்னத்தில் அச்சு மை ஒட்டியதுதான் மிச்சம். ஒருமுறை ஒரு பதிப்பாளர் பழத்தட்டோடு வந்து வற்புறுத்தியதால், பிடிக்காத ஒரு பூங்கொத்துப் படப் புத்தகத்துக்கும் சுந்தரவல்லி அந்த வரியை எழுதிக்கொடுத்தாள். அந்தப் புத்தகத்தை வாங்கி ஒற்றிக்கொண்டவர்கள் அத்தனை பேருக்கும் மெட்ராஸ் ஐ வந்து கண் சிவந்துபோனது. அதற்குப் பிறகு அவள் முகதாட்சண்யத்துக்காக எழுதியதில்லை. நெடுஞ்செழியனுக்கு இதில் எல்லாம் ஆச்சரியம் இல்லை. அவருக்கு இருந்த ஒரே குறை வேறு. “அம்மா, அதிசயம் என்று எழுதாதீர்கள், வியப்பு என்று எழுதுங்கள்” என்பார்.

சுந்தரவல்லியின் கணவர் சண்முகவேல் புகைப்படக்காரர். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து அண்ணனும் தம்பியுமாக மதராசுக்கு வந்தவர்கள். தம்பி சுயம்புலிங்கம் தியாகராய நகரில் ஜவுளிக்கடை வைத்தார். அண்ணன், கடையில் பங்கு வேண்டாம், ஒரு கேமரா போதும் என்று சொல்லிவிட்டார். நெஞ்சோடு சேர்த்துப் பிடித்து, தலை குனிந்து உள்ளே பார்க்கிற பெட்டிக் கேமரா அது. அதைத் தூக்கிக்கொண்டு பாலவாக்கத்துக் கரைக்கும் கிண்டி பந்தய மைதானத்துக்கும் அடையாறு முகத்துவாரத்துக்கும் போய்க்கொண்டிருந்தார். தன்னை யாரும் படம் எடுக்க விட்டதில்லை. கல்யாணத்தன்றே, “வெளிச்சம் அந்தப் பக்கம்லா இருக்கு, இவன் எங்க நின்னு எடுக்கான்?” என்று மணவறையிலிருந்து இறங்கிப்போய், வந்திருந்த ஸ்டூடியோக்காரரை ஒதுக்கிவிட்டுத் தானே எடுத்தவர். அதனால் அவர்களுடைய கல்யாணப் படத்தில் மாலையும் கழுத்துமாகச் சுந்தரவல்லி மட்டும் உட்கார்ந்திருக்கிறாள். பக்கத்தில் காலி இடம். அதைப் பார்க்கிறவர்கள், மாப்பிள்ளை தாமதமாக வந்தாரோ என்று கேட்பார்கள்.

1972இல் மஞ்சள் காமாலை வந்து சண்முகவேல் இறந்தார். துக்கம் கேட்க வந்தவர்களில் சிலருடைய கண்ணில் ஐரோப்பியப் பாலங்கள் தெரிந்தன, சிலருடைய கண்ணில் மலைவாசிகளின் மணிமாலைகள். அவற்றைப் பார்த்துப் பார்த்தே அந்தப் பதினாறு நாளும் அவளுக்குக் கழிந்தது. சுவரில் மாட்ட ஒரு படம்கூட இல்லை என்பது பதினேழாம் நாள்தான் நினைவுக்கு வந்தது. தம்பி சுயம்புலிங்கம் அண்ணன் எடுத்தவற்றை எல்லாம் திரட்டி, நல்ல தாளில், கடைக்கு விளம்பரம்போல இல்லாமல் கௌரவமாக ஒரு புத்தகம் போட்டார். அச்சு முடிந்த கையோடு பெய்த மழையில் நெகட்டிவ்கள் ஒன்றோடொன்று ஒட்டிப் பாழாகிவிட்டன. இனி உலகத்தில் சண்முகவேல் எடுத்த படம் என்றால் அந்தப் புத்தகம்தான்.

அதில் நடுவில் ஒரு படம். தம்பி கடையின் ஆளுயரக் கண்ணாடி முன் ஒரு பெண் தோளில் சேலையைப் போட்டுப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். அவளுக்குப் பின்னால், கண்ணாடிக்குள், கேமராவை நெஞ்சில் வைத்துக் குனிந்தபடி சண்முகவேல். முகம் தெரியாது, வகிடும் நெற்றியும் கையும்தான். அவர் இருந்ததற்கு உலகில் வேறு படம் கிடையாது. சுந்தரவல்லி தினமும் மத்தியானம் அந்தப் பக்கத்தைத் திறந்து வைத்துக்கொள்வாள். ஒற்றிக்கொள்ள மாட்டாள். தன் கண்ணுக்குள் போய்விட்டால் தனக்குத் தெரியாது என்பது அவளுக்குத் தெரியும்.

புத்தகம் விற்கவில்லை. புரட்டாசியில் சுயம்புலிங்கம் வந்து, வேட்டியை ஒதுக்கிக்கொண்டு தரையில் உட்கார்ந்தார்.

“தீபாவளிச் சரக்கு வந்து எறங்கப்போவுது மதினி. கோடவுன் நெறைய அண்ணன் புஸ்தகமாக் கெடக்கு. நீங்க நாலு வரி எழுதுனியள்னா வித்துரும். இல்லன்னா பழைய பேப்பர்காரன்ட்டதான் போடணும். எனக்கு மனசு வரல.”

“எழுதுனா வெளுத்துரும் தம்பி.”

“வெளுக்கட்டுமே. நம்ம கடைச் சீலையுந்தான் வெளுக்கு. அதுக்காவ யாரும் உடுத்தாம இருக்காவளா?”

சுந்தரவல்லி ஒரு தந்திரம் செய்தாள். தாளின் தரம், பைண்டிங்கின் உறுதி, மையின் கருமை ஆகியவற்றை மட்டும் மனமாரப் பாராட்டி, படங்களைத் தொடாமல் ஒரு மதிப்புரை எழுதினாள். அதைப் படித்து வாங்கிய சிலர் ஒற்றிக்கொண்டு பார்த்தார்கள். ஒரு வாரம் அவர்கள் எதைப் பார்த்தாலும் பைண்டிங் பசை வாசம் அடித்தது. படங்கள் தாளிலேயே இருந்தன. நெடுஞ்செழியன் அவளைக் கூப்பிட்டு, “அம்மா, இது மதிப்புரை அன்று. தாள் வணிகம்” என்றார். கோடவுனில் புத்தகங்கள் அப்படியே கிடந்தன.

அந்த வாரத்தில் ஒருநாள், மீன் விற்கிற தேவானை வழக்கமான நேரத்துக்கு முன்பே வந்துவிட்டாள். அடையாறு ஆற்றோரக் குடிசையில் இருப்பவள். புத்தகத்தை மூட சுந்தரவல்லிக்கு நேரம் இல்லை. காற்றில் பக்கம் புரண்டு வேறொரு படம் திறந்திருந்தது.

“அய்ய! இன்னாம்மா இது, என் மூஞ்சி உன் மடியில கீது?”

“அவரு எடுத்தது.”

“அது தெரியும். எட்த்துட்டு, படம் கொணாந்து தரேன்னு சொல்ட்டுப் போனாரு உன் வூட்டுக்காரரு. அத்தோட சரி. போட்டோ எட்த்தாங்கன்னு நானும் சொல்லிக்கினே கீறேன், எங்க ஆளு நம்பாம சிரிக்குது.” கூடையை இறக்கி வைத்துவிட்டு, ஈரக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு அவளே பக்கத்தைத் திருப்பினாள். அங்கே கட்டுமரத்தின் மேல் ஒரு கிழவர் பீடி பற்ற வைத்துக்கொண்டிருந்தார். தேவானையின் குரல் இறங்கிவிட்டது.

“எங்க நைனா.”

துரைராஜ் என்ற அந்தக் கிழவர் போன ஆடியில் கடலில் போனவர். உடல் கிடைக்கவில்லை.

“எங்க நைனா மூஞ்சியே எனுக்கு மறந்துகினே வர்து. நீ இன்னாடான்னா இங்க மடியில வெச்சி மூடி மூடிப் பாத்துக்கினு கீற. உன் ஆளு மட்டுந்தான் செத்தாரா?” என்று கேட்டுவிட்டு, கோபமாகவே வஞ்சிரத்தை வெட்டிக்கொடுத்துவிட்டுப் போனாள்.

மீன் சட்டியிலேயே கிடந்தது. சுந்தரவல்லி ஜன்னலோரம் உட்கார்ந்து எழுதினாள். இந்தப் படங்களை எடுத்தவர் யாரையும் நிற்கச் சொல்லவில்லை என்று எழுதினாள். அவர்கள் போகிற வழியில் இவர் போய் நின்றிருக்கிறார். இவர் படத்தில் கடலைவிடக் கடற்கரையில் காயும் துணிகளுக்கு அதிக இடம் இருக்கிறது, குதிரையைவிடக் குதிரைக்குத் தண்ணீர் காட்டுகிறவனுக்கு அதிக வெளிச்சம் கிடைக்கிறது. எடுத்தவர் தனக்கு என்ன உறவு என்பதை எழுதவில்லை. கடைசியில், ‘பக்கத்துக்குப் பக்கம் கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம்’ என்று எழுதினாள்.

இதழ் வெளிவந்ததும், ஜவுளிக்கடைக்குச் சேலை எடுக்க வந்தவர்களைவிடப் புத்தகத்துக்கு வந்தவர்கள் அதிகம். பலர் வீட்டுக்குக் கொண்டுபோகும்வரைகூடப் பொறுக்கவில்லை. சேலை விரிக்கிற மெத்தையிலேயே புத்தகத்தை விரித்து ஒற்றிக்கொண்டார்கள். சுயம்புலிங்கம் செருப்பை வெளியே விடச் சொல்லி ஆள் போட்டார். மீனாட்சி மாமியும் வந்தார். அம்பாளுக்குப் பக்கத்தில் கொஞ்சம் இடம் இருக்கும் என்று சொன்னார். மந்தவெளியில் சுந்தரவல்லியின் பிரதி வெளிறத் தொடங்குவதற்கு முன், அவள் அதை எடுத்துக்கொண்டு ஆற்றோரத்துக்கு நடந்தாள். தேவானை சோப்புப் போட்டு முகம் கழுவிக்கொண்டு வந்து உட்கார்ந்தாள். நைனாவை நெடுநேரம் ஒற்றிக்கொண்டாள். தன் படத்தைச் சிரித்துக்கொண்டே ஒற்றிக்கொண்டாள். அவளுடைய ஆள் எதிரே குந்தி அவள் கண்ணைப் பார்த்து, “மாமா! இன்னா மாமா, பீடி பத்துதா?” என்று விசாரித்தான். கண்ணாடிப் படம் இருந்த பக்கத்தைச் சுந்தரவல்லி தன் கையாலேயே பிடித்து, தேவானையின் கண்களில் வைத்து எடுத்தாள். தாள் வெளுத்தது. புத்தகத்தை மூடி அங்கேயே விட்டுவிட்டு வந்தாள்.

பிறகு சில ஆண்டுகள் போயின. சண்முகவேல் ஊரெல்லாம் இருந்தார். அடையாறு பஸ்ஸில் டிக்கெட் கிழிக்கிற கண்டக்டரின் கண்ணில் இருந்தார். தபாலாபீசில் ஸ்டாம்பு விற்கிற அம்மாளின் கண்ணில், மூக்குக்கண்ணாடிக்குப் பின்னால் இருந்தார். ஆதம்பாக்கத்துக்கு வீடு மாறிப் போன ஒரு வாத்தியாரோடு அவரும் அங்கே போனார். ஒரு மாறுதலை எல்லாரும் கவனித்தார்கள்: தாளில் குனிந்திருந்த தலை, கண்ணுக்குள் போன கொஞ்ச நாளில் நிமிர்ந்துவிட்டது. நெடுஞ்செழியன் இதற்குக் காரணம் சொன்னார். கேமராவில் எதிரே இருப்பதைப் பார்க்கத்தான் மனிதர் குனிந்தார். கண்ணிலேயே இருக்கும்போது எதற்குக் குனிய வேண்டும்? நியாயமாகத்தான் பட்டது. அந்த இதழ் நின்றுபோனது. படப் புத்தகங்களுக்கு மதிப்புரை எழுத வேறு ஆட்கள் வந்தார்கள். அவர்களுடைய புத்தகங்களில் படங்கள் ஒழுங்காகத் தாளிலேயே இருந்தன.

ஆற்றோரக் குடிசைகளை ஊருக்கு வெளியே கொண்டுபோய் வைத்த பிறகும் தேவானை இரண்டு பஸ் மாறி மந்தவெளிக்கு வந்துகொண்டிருந்தாள். ஒருநாள் சங்கரா மீன் கொண்டுவந்திருந்தாள். வாசலில் கூடையை இறக்கிவிட்டு அண்ணாந்து, “இன்னா வோணும், சொல்லு” என்றாள். அவளுடைய இடது கண்ணில் கிழவர் புகை விட்டுக்கொண்டிருந்தார். வலது கண்ணில் சண்முகவேல் கேமராவை நெஞ்சுக்கு உயர்த்தி, நேராகப் பார்த்துக்கொண்டு நின்றார். சுந்தரவல்லி முந்தானையைச் சரிசெய்தாள். முன்நெற்றியில் விழுந்த முடியை ஒதுக்கினாள். வெயில் எந்தப் பக்கம் இருக்கிறது என்று பார்த்து, அந்தப் பக்கம் முகத்தைக் கொஞ்சம் திருப்பி வைத்துக்கொண்டாள்.

“எம்மா நேரம் நிப்ப?” என்றாள் தேவானை. “மீன் காயுது.”

“கொஞ்சம் இரு. கண்ணை மட்டும் மூடாத” என்றாள் சுந்தரவல்லி.