ஒன்பது மீட்டர்

முசரவாக்கத்துக் கொட்டகையில் பதினொரு பேர் சேர்ந்து ஒரு பெட்டி செய்திருந்தார்கள். செயற்கைக்கோள் கைவிட்ட இடத்திலும், ராணுவ வண்டிக்கு அது நிற்கும் இடத்தைச் சொல்லும் பெட்டி. சோதனை எளிது. அதை வேனில் வைத்துக் காஞ்சிபுரத்தைச் சுற்றிவிட்டுக் கொட்டகை கேட்டுக்கே திரும்ப வேண்டும். கேட்டுக்கு வந்துவிட்டோம் என்று பெட்டியும் சொல்ல வேண்டும். இருபது மீட்டர் வரை தவறலாம். எட்டு மாதமாக அது நூற்றைம்பது மீட்டர் தள்ளி, ஏரிக்குள் இருப்பதாகச் சொல்லிக்கொண்டிருந்தது.

செவ்வாய்க்கிழமை ஒன்பது மீட்டர் வந்தது.

மறுநாள் மாலைக்குள் அறிக்கையை அனுப்பச் சொன்னார் முதலாளி ஆனந்தகுமார். ராணுவம் ஏற்றுக்கொண்டால் நாற்பது பேர், புதுக் கட்டடம், பெட்டியின் கணக்கைப் பார்க்கும் ஏலவார்குழலிக்குத் தலைமைப் பொறியாளர் பதவி. இல்லையென்றால் மார்ச்சோடு கொட்டகையை மூட வேண்டியதுதான்.

குழலி சோதனை ஓட்டத்தின் வரைபடத்தைப் பார்த்தாள். வேகக் கோடு இருபத்தாறு இடத்தில் பூஜ்யத்தில் படுத்துக் கிடந்தது. டிரைவர் வீரபாகுவைக் கூப்பிட்டாள்.

"அண்ணே, நேத்து எங்கெங்க நின்னீங்க?"

"நான் எங்கம்மா நின்னேன்? பெருமாள் நின்னாரு. சின்ன காஞ்சிபுரத்துல புறப்பாடு. பின்னாடியே போய்க்கினு இருந்தேன். வூட்டுக்கு வூடு நிக்கிறாரு. உங்களுக்குக் கூட புளியோதரை கொண்டாந்தேனே."

அவள் அதைச் சாப்பிட்டிருந்தாள்.

வண்டி அசையாமல் நிற்கும்போதெல்லாம் பெட்டி தன் பிழையைத் திருத்திக்கொள்ளும். ஓடிக்கொண்டே இருந்தால் பிழை சேர்ந்துகொண்டே போகும். தனக்கும் அப்படித்தான் என்று குழலிக்குத் தோன்றியது. வேலைக்கு வந்த இந்த ஏழு வருடத்தில், தான் நின்ற ஓர் இடமும் அவளுக்கு நினைவு வரவில்லை. அறிக்கையில் அதற்குக் கட்டம் இல்லை.

ஆனந்தகுமாரிடம் சொன்னாள்.

"ஒம்போது வந்துச்சா இல்லியாம்மா?"

"வந்துச்சு சார். எல்லையில யாரு சார் வண்டிய நிறுத்திப் புளியோதரை குடுப்பாங்க? நிக்காம ஓடினா மறுபடியும் ஏரிதான்."

"ஆர்டர் வரட்டும். அப்புறம் சரி பண்ணிக்கலாம்."

"அதுக்குள்ள வண்டியில ஆளுங்க உக்காந்திருப்பாங்க சார்."

அவர் சுவரில் ஒட்டியிருந்த புதுக் கட்டடத்தின் படத்தை வெகுநேரம் பார்த்தார்.

"எழுதித் தொலை. பெருமாள் பேர மட்டும் போடாத."

வண்டி அடிக்கடி நின்றதால்தான் ஒன்பது மீட்டர் என்று குழலி எழுதினாள். 'நிறுவனத்தின் வளர்ச்சி வாய்ப்பு' என்ற கடைசித் தலைப்பின் கீழே 'நாற்பது பேர்' என்று ஏற்கெனவே அடித்திருந்ததை அழித்துவிட்டு, 'பதினொரு பேர், தற்போதைக்கு' என்று போட்டாள்.

பத்து நாளில் பதில் வந்தது. ஏற்கவில்லை, தள்ளவும் இல்லை. குறையைச் சரிசெய்ய மூன்று மாத அவகாசம். அதே பாதையில், எங்கும் நிற்காமல் ஓட்டிக் காட்ட வேண்டும்.

"புறப்பாடு இல்லாத நாளாப் பாத்துச் சொல்லுப்பா" என்றார் ஆனந்தகுமார்.

"காஞ்சிபுரத்துலயா சார்?" என்றார் வீரபாகு.

குழலி காலண்டரை ஆணியிலிருந்து கழற்றிக்கொண்டு வந்து உட்கார்ந்தாள்.