கட்டாத புடவை

சீட்டைப் பிரித்துப் படித்த செல்வராணி அதை மறுபடியும் மடித்து உள்ளங்கைக்குள் வைத்துக்கொண்டாள். படிக்காதது போல இருந்தால் பெயர் மாறிவிடும் என்று நினைத்தாளோ என்னவோ. பக்கத்தில் உட்கார்ந்திருந்த விமலாவுக்கோ அடுத்தவர் கையில் இருப்பதைப் படிக்கக் கண்ணாடியே தேவையில்லை.

"சின்னப்பொண்ணு! ஏ ராணி, உன் கூட்டாளிக்கே வுழுந்துருக்குது பாரு!" என்று மாதா கோயில் கூடம் முழுக்கக் கேட்கும்படி சொன்னாள்.

எல்லாரும் சிரித்தார்கள். செல்வராணியும் சிரித்து வைத்தாள்.

கிறிஸ்துமஸுக்கு முன்னால் வருகிற நாலு சனிக்கிழமை மதியமும் மாதா சபைப் பெண்கள் அந்தக் கூடத்தில் பாய் விரித்துப் போர்வை தைப்பார்கள். புடவைகளை மூன்றடுக்காகப் போட்டு ஓட்டுத் தையல். ஒரு வரிசை தையலுக்கு ஓர் அருள்நிறை மரியே. செபத்தை முழுங்கினால் தையல் கோணும் என்பார்கள். விமலாவின் தையல் எப்போதும் கோணல்தான், அது வேறு விஷயம். தைத்த போர்வைகளைக் குளிரில் கிடக்கிறவர்களுக்குக் கொடுத்துவிடுவார்கள். சாதி மதம் பார்ப்பதில்லை என்று திருவிழா நோட்டீஸில்கூடப் போட்டிருந்தது. மார்கழியில் செஞ்சிப் பாறைகளிலிருந்து இறங்குகிற குளிர் அதையெல்லாம் பார்க்கிறதில்லை என்பது மட்டும் நிச்சயம்.

இந்த வருஷம் கார்த்திகைக் கடைசியில் பெய்த பேய்மழையில் காலனிக்குள் இடுப்பளவு தண்ணீர் புகுந்து பாய் தலையணையெல்லாம் நாசமாகிவிட்டதால் பெயர்ப் பட்டியல் நீளமாக இருந்தது. யாருக்கு யார் கொடுப்பது என்று சீட்டுக் குலுக்கிப் போடுவார்கள். எடுத்தவள் தான் தைத்த போர்வையைத் தானே கொண்டுபோய்க் கையில் கொடுக்க வேண்டும். சீட்டை மாற்றிக்கொள்ளக் கூடாது.

இன்னொரு விதி உண்டு. போர்வைக்குக் கொடுக்கும் புடவை, கொடுக்கிறவள் கட்டிப் பழகினதாக இருக்க வேண்டும். சபைத் தலைவி ரோஸ்மேரி டீச்சர் இதில் கறார். "கடையில வாங்கிக் குடுக்கறதுக்கு நாம எதுக்கு? நம்ம ஒடம்புல கெடந்து மெத்துனு ஆன துணியத்தான் குடுக்கணும். அதான் போத்திக்கறவங்களுக்கு ஒரு ஆள் கூட இருக்கற மாதிரி இருக்கும்" என்பார்.

அந்த விதியைத்தான் செல்வராணி உடைத்திருந்தாள். உடைத்ததற்குக் கைதட்டலும் வாங்கியிருந்தாள்.

முதல் சனிக்கிழமை எல்லாரும் சாயம் போன புடவைகளைப் பையிலிருந்து எடுத்துப் போட்டபோது, அவள் மட்டும் வாடாமல்லி நிறத்தில், கிளிப்பச்சைக் கரை போட்ட புத்தம்புதுப் புடவை ஒன்றை எடுத்து வைத்தாள். மடிப்புக் கலையவில்லை. அந்துருண்டை வாசனை வேறு. "ஆண்டவருக்குப் போயி பழச குடுக்கறதா டீச்சர்? மனசு வரல" என்றாள். டீச்சருக்கே கண் கலங்கிவிட்டது. விதியைத் தளர்த்திவிட்டார். மறுநாள் பூசையில் ஃபாதர் பிரசங்கத்தில், பெயர் சொல்லாமல், "நம் பங்கில் ஒரு சகோதரி" என்று ஆரம்பித்தார். அத்தனை பேரும் திரும்பிச் செல்வராணியைப் பார்த்தார்கள். அவள் தலையைக் குனிந்துகொண்டாள். குனிந்த தலைக்குள் எவ்வளவு சந்தோஷம் இருந்தது என்பது அவளுக்குத்தான் தெரியும்.

புதுப்புடவை எல்லார் கண்ணிலும் பட வேண்டாமா? அதனால் அதைச் சின்னச் சின்னதாக வெட்டாமல், இரண்டாக மட்டும் கிழித்து இணைத்து, போர்வையின் மேலடுக்காகவே வைத்துத் தைத்தாள்.

அந்தப் புடவை சின்னப்பொண்ணு கொடுத்தது.

சின்னப்பொண்ணு இருபது வருஷமாகச் செல்வராணியின் நிலத்தில் மல்லாட்டை என்கிற வேர்க்கடலை பிடுங்க, களை வெட்ட, நெல் அறுக்க வருகிறவள். அவளுடைய மகள் தமிழினி பன்னிரண்டாவதில் நல்ல மார்க் எடுத்தபோது, செல்வராணிதான் கூடவே பஸ் ஏறிப்போய்க் கன்னியாஸ்திரிகள் நடத்தும் கல்லூரியில் பேசி ஹாஸ்டலில் இடம் வாங்கிக் கொடுத்தாள். அது உண்மையான உதவி. அதில் பொய் இல்லை. தமிழினி படித்து முடித்து வேலைக்குப் போய், முதல் சம்பளத்தில் ஆரணிக்குப் போய் ஒரே மாதிரி இரண்டு புடவை எடுத்தாள். ஒன்று அம்மாவுக்கு, ஒன்று ராணிப் பெரியம்மாவுக்கு. தட்டில் வெற்றிலை பாக்கு பூவோடு வைத்து, அம்மாவும் மகளும் வீட்டுக்கு வந்து கொடுத்துவிட்டுப் போனார்கள்.

அன்றைக்கு மதியம் செல்வராணி கண்ணாடி முன்னால் நின்று தோளில் போட்டுப் பார்த்தாள். நன்றாகத்தான் இருந்தது. வாசல் வழியாகப் போன புருஷன் தோமினிக், "அவங்க எடுத்துக் குடுத்ததா?" என்று கேட்டார். அவ்வளவுதான் கேட்டார். அவள் மடித்துக் கவருக்குள் போட்டு பீரோவில் அடித்தட்டில் வைத்தாள். கலர் தனக்கு எடுக்காது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். அதைவிடப் பளிச்சென்ற கலரில் நாலு புடவை அதே பீரோவில் தொங்கின.

சின்னப்பொண்ணு இரண்டு திருவிழாவுக்குக் கேட்டுப் பார்த்தாள். "யக்கா, அந்தப் பொடவய கட்டுவீங்கன்னு பாத்தேன்." மூன்றாம் முறை கேட்டபோது செல்வராணி, "பாண்டிச்சேரி கல்யாணத்துக்குக் கட்டினேனே! எல்லாரும் எங்க எடுத்தேன்னு கேட்டாங்க" என்று சொல்லிவிட்டாள். சின்னப்பொண்ணு முகத்தைப் பார்க்க வேண்டுமே! அந்தப் பொய்யை அவள் காலனி முழுக்கக் கொண்டுபோய்ச் சந்தோஷமாகச் சொன்னாள். செல்வராணியும் பாவசங்கீர்த்தனத்தில், "பொய் சொன்னேன் ஃபாதர்" என்று எல்லாவற்றையும் ஒரே மூட்டையாகக் கட்டி இறக்கிவிட்டு வந்தாள். எந்தப் பொய் என்று ஃபாதர் கேட்கவில்லை.

இப்போது அந்த மூட்டை போர்வையாகி மடியில் கிடந்தது.

"டீச்சர், இந்தச் சீட்ட விமலாவுக்குக் குடுத்துட்டு அவளுத நான் எடுத்துக்கட்டா? எனக்கு மூட்டு வலி. காலனி வரைக்கும் நடக்க முடியாது."

"நேத்துதான் மல்லாட்டைக் கொல்லைக்கு நடந்தே போயிட்டு வந்தன்னு சொன்ன?" என்றாள் விமலா.

டீச்சர் சிரித்தார். "ஆண்டவரா பாத்து உன் சிநேகிதிக்கே குடுத்துருக்காரு. சந்தோஷமா போயிட்டு வா."

போகும் வழியில் ஆயிரம் யோசனை. வீட்டில் இருக்கிற கம்பளி ஒன்றைக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டால் என்ன? ஞாயிற்றுக்கிழமை விமலா போர்வையைப் பற்றி விசாரிக்காமலா இருப்பாள்? கடைசியில் ஒரு வழி தோன்றியது. 'கட்டிக் கட்டிப் பழசாயிடுச்சு, அதான் போர்வையாக்கினேன்' என்று சொல்லிவிடலாம். சபை விதியே அதுதானே? இரண்டு வருஷத்தில் ஒரு புடவை பழசாகாதா? சொல்லிப் பார்த்துக்கொண்டே நடந்தாள். நடக்க நடக்க அது நிஜம் போலவே இருந்தது. காலனி வளைவுக்கு வரும்போது மூட்டு வலிகூட இல்லை.

சின்னப்பொண்ணு வாசலில் சாக்கு விரித்து, நனைந்து காய்ந்த மல்லாட்டையைப் பொறுக்கிக்கொண்டிருந்தாள். அவள் போட்டிருந்த ஜாக்கெட் கிளிப்பச்சை. துவைத்துத் துவைத்துக் கையோரம் வெளுத்திருந்தது. செல்வராணி அதைப் பார்த்தாள், ஆனால் பார்த்தது மனசில் ஏறவில்லை. சொல்ல வேண்டியதைச் சொல்லிப் பார்ப்பதிலேயே இருந்தாள்.

"யக்கா! இன்னா இவ்ளோ தூரம்? சொல்லி அனுப்பிச்சா நானே வந்திருப்பேனே." எழுந்து பிளாஸ்டிக் நாற்காலியைத் துடைத்துப் போட்டாள். "காப்பி போடட்டா?"

"இப்பதான் குடிச்சிட்டு வந்தேன்."

இந்தக் கேள்வியும் பதிலும் இருபது வருஷப் பழசு. இரண்டு பேருக்கும் அது வணக்கம் சொல்வது மாதிரி ஆகிவிட்டிருந்தது.

செல்வராணி போர்வையை எடுத்துக் கொடுத்தாள். மடித்திருந்தபோது வெளியே அடியில் வைத்த பழைய புடவைதான் தெரிந்தது. சின்னப்பொண்ணு இரண்டு கையாலும் வாங்கி, விரித்தாள். கை நின்றது.

"யக்கா, இது தமிழினி எடுத்த பொடவ."

"ஆமா. ஆசையா கட்டிக் கட்டி நஞ்சு போச்சு. தூக்கிப் போட மனசு வரல. கட்டின பொடவதான் போர்வைக்கு ஆவும்னு உனக்குத்தான் தெரியுமே. பாரு, உனக்கே வந்திருக்குது."

சின்னப்பொண்ணுக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. போர்வையைக் கன்னத்தில் வைத்துக்கொண்டாள். "நீங்க கட்டி, அத நான் போத்திக்கறதுக்குக் குடுத்து வெச்சிருக்கணும். அவகிட்ட சொன்னா எவ்ளோ சந்தோஷப்படுவா. இருங்க, போட்டோ எடுத்து அனுப்பறேன்."

உள்ளே போய்ப் போனை எடுத்துவந்தாள். போர்வையைக் கயிற்றில் தொங்கவிட்டு, சுருக்கம் நீவி, மூலையைச் சரியாக இழுத்துவிட்டாள். அந்த மூலையில் கை போனதும் நின்றது. அங்கே வாடாமல்லி முடிந்து ஒரு முழத்துக்கு மேல் வெறும் கிளிப்பச்சை. அதில் சின்னச் சின்னப் புட்டா. கைக்கு வைக்கிற கரை தனியாக.

ஜாக்கெட் துணி.

புடவையோடு சேர்ந்தே நெய்து வருவது. புடவையைக் கட்ட நினைக்கிறவள் எவளும் முதலில் அதைத்தான் வெட்டித் தைக்கக் கொடுப்பாள். அது வெட்டப்படாமல், நூல் பிரியாமல், போர்வையின் மூலையில் பத்திரமாக இருந்தது. செல்வராணி மேலே ஓட்டுத் தையல் போட்டு, ஒவ்வொரு வரிசைக்கும் ஓர் அருள்நிறை மரியே சொல்லி, அழகாகத் தைத்து வைத்திருந்தாள்.

சின்னப்பொண்ணு அந்தத் துணியைத் தொட்டாள். பிறகு தன் ஜாக்கெட் கையைப் பார்த்தாள். அடுத்து புடவையின் கீழ்க்கரையைத் திருப்பிப் பார்த்தாள். ஃபால்ஸ் தைத்த அடையாளம் ஒரு ஊசித் துளைகூட இல்லை. அவள் போட்டோ எடுக்கவில்லை. போனை இடுப்பில் செருகிக்கொண்டு, போர்வையைக் கயிற்றிலிருந்து எடுத்து, பச்சை உள்ளே போகும்படி மடித்தாள். மடிப்பு ஒன்றுகூடக் கோணவில்லை.

"பாண்டிச்சேரி கல்யாணம்" என்று மட்டும் சொன்னாள். கேள்வியாகக்கூடச் சொல்லவில்லை.

செல்வராணிக்கு அப்படியே பூமிக்குள் போய்விட மாட்டோமா என்று இருந்தது. காது கொதித்தது. இவள் திட்டினால் தேவலை, நாலு பேரைக் கூப்பிட்டுச் சொன்னால்கூடத் தேவலை என்று தோன்றியது. சின்னப்பொண்ணு மறுபடி சாக்கின் மேல் உட்கார்ந்து மல்லாட்டை பொறுக்க ஆரம்பித்தாள். பூஞ்சை பிடித்தது ஒரு பக்கம், நல்லது ஒரு பக்கம்.

"குடு சின்னப்பொண்ணு. நான் வேற தச்சு எடுத்துட்டு வரேன்."

"வேணாம் யக்கா. ராத்திரில குளிருது. இது நல்லாத்தான் இருக்குது."

மதிய வெயில் இன்னும் இறங்கவில்லை. செல்வராணிக்கு நாக்கு ஒட்டிக்கொண்டது. எழுந்து போகவும் முடியவில்லை.

"கொஞ்சம் தண்ணி குடேன்" என்றாள்.

சின்னப்பொண்ணு நிமிர்ந்து பார்க்காமலே சொன்னாள். "இப்பதான் குடிச்சிட்டு வந்தீங்களே."

இருபது வருஷத்தில் அவள் இப்படி ஒரு பதில் சொன்னதில்லை. கோபமும் இல்லை, குத்தலும் இல்லை. இருப்பதைச் சொன்னாள்.

"இல்ல" என்றாள் செல்வராணி. "குடிக்கல. ஒரு நாளும் குடிச்சிட்டு வந்ததில்ல."

சின்னப்பொண்ணு கையை நிறுத்தினாள். "தெரியும் யக்கா. எப்பவோ தெரியும். பொடவதான் தெரியாது." உள்ளங்கையை விரித்துக் காட்டி, "கொடம் உள்ள இருக்குது. மொண்டு குடிங்க. எங் கையெல்லாம் மண்ணு" என்றாள்.

செல்வராணி எழுந்தாள். அந்த வாசற்படியை அவள் தாண்டியதே கிடையாது. உள்ளே சுவரில் தண்ணீர் ஏறி நின்ற கோடு இன்னும் இருந்தது. அலமாரியில் தமிழினி பட்டம் வாங்குகிற போட்டோ. குடத்தின் மேல் டம்ளர். மொண்டு குடித்தாள். ஒரே மடக்கில் குடித்தாள். தண்ணீர் தண்ணீர் மாதிரிதான் இருந்தது. டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று தெரியாமல் நின்றாள்.

செல்வராணி வீட்டுப் பின்வாசல் ஜன்னலில் ஒரு சில்வர் டம்ளர் தனியாக இருக்கிறது. வேலைக்கு வருகிற நாளெல்லாம் சின்னப்பொண்ணு அதில்தான் காப்பி குடிப்பாள். குடித்துவிட்டுக் குழாயடியில் கழுவி, அதே ஜன்னலில் கவிழ்த்து வைத்துவிட்டுப் போவாள். யாரும் அவளைக் கழுவச் சொன்னதில்லை. வேண்டாம் என்றும் சொன்னதில்லை.

செல்வராணி வாளித் தண்ணீரில் டம்ளரைக் கழுவினாள். கழுவுகிற சத்தம் வெளியே கேட்டிருக்க வேண்டும்.

"கழுவாதீங்க யக்கா" என்று வாசலிலிருந்து சின்னப்பொண்ணு குரல் கொடுத்தாள். "எங்க வூட்டுல வந்தவங்கள கழுவ வுடறதில்ல. அப்படியே வெச்சுட்டு வாங்க."

செல்வராணி ஈர டம்ளரோடு சுவரைப் பார்த்தபடி நின்றாள். வெளியே போனால் அந்த முகத்தைப் பார்க்க வேண்டும். அதற்கு வெட்கமாக இருந்தது.