மூன்றாவது கட்டம்

சிரிய எல்லைக்கு இந்தப் பக்கம் இருக்கும் மஃப்ரக் ஊரின் அந்தப் பெண்கள் பள்ளியில் ஒரு பெஞ்சுக்கு இரண்டு சொந்தக்காரிகள். காலையில் ஊர்ப்பிள்ளைகள் உட்காருவார்கள். பதினொன்றரைக்கு அவர்கள் முன்வாசல் வழியாகப் போக, பன்னிரண்டரைக்கு சிரியாவிலிருந்து போருக்குத் தப்பி வந்த குடும்பங்களின் பிள்ளைகள் பின்வாசல் வழியாக வருவார்கள். நடுவில் ஒரு மணி நேரம் பள்ளி சும்மா கிடக்கும். இரண்டு கூட்டமும் முகத்தோடு முகம் பார்த்துவிடக் கூடாதே, அதற்காக. போன வருஷம் வாசலில் கல்லெறி நடந்து ஒரு சிறுமிக்கு நெற்றியில் நான்கு தையல் போட்டார்கள். அன்றைக்குத் தலைமையாசிரியை வஜீஹா எழுதித் தொங்கவிட்ட உத்தரவு இன்னும் சுவரில் இருக்கிறது: காலைப் பிள்ளைக்கும் மதியப் பிள்ளைக்கும் எந்தக் கொடுக்கல் வாங்கலும் கூடாது.

ருதைனா ஏழு வருஷமாக மதியப் பள்ளியில் ஒப்பந்த ஆசிரியை. பருவத்துக்குப் பருவம் கையெழுத்துப் போட்டால்தான் வேலை. இந்தக் குளிர்காலத்தில் காலைப் பள்ளி அரபி ஆசிரியை பிள்ளைப்பேறுக்குப் போனதால் அந்த வகுப்பும் இவள் கைக்கு வந்தது. போனவள் திரும்பி வரப்போவதில்லை என்று பேச்சு. வஜீஹா நல்லபடியாக ஓர் அறிக்கை எழுதினால் அந்த இடம் ருதைனாவுக்கே நிரந்தரமாகும். அதனால் வஜீஹா தும்மினால்கூட இவள் எழுந்து நின்றாள்.

நாலாம் வகுப்புப் பாடத்தில் அப்போது ஒரு முள்ளம்பன்றிக் கதை. யாரையும் வளைக்குள் விடாத முள்ளம்பன்றி, பனி கொட்டிய ஒரு நாளில் சிறகொடிந்த கொண்டலாத்தியை உள்ளே விடுகிறது. ருதைனா கரும்பலகையில் மூன்று கட்டம் போட்டாள். முதலில் எப்படி இருந்தது? நடுவில் என்ன நடந்தது? கடைசியில் எப்படி ஆனது, நட்பைப் பற்றி என்ன கற்றது? காலையில் போட்ட அதே கட்டங்களை மதியமும் போட்டாள்.

மதிய வகுப்பில் ஜன்னலோரப் பெஞ்சில் ரனீம் இருந்தாள். ஒன்பது வயது. சிரியாவின் தரா ஊரிலிருந்து வந்த குடும்பம். அப்பா தக்காளித் தோட்டத்தில் வேலை. கேள்வி கேட்காவிட்டால் அவளுக்குச் சோறு இறங்காது.

"மிஸ், மாறாத ஆளு கதையில வரவே மாட்டாங்களா?"

"வருவாங்க. ஆனா அவங்களப் பத்தி யாரு கதை எழுதுவா கண்ணு?"

"பாவம் மிஸ் அவங்க."

வகுப்பே சிரித்தது. ருதைனாவும் சிரித்தாள்.

அந்த உற்சாகத்தில்தான் அவளுக்குப் புத்தி கோணலாகப் போனது. நட்பைப் பாடமாகச் சொன்னால் போதுமா, செய்து பார்க்க வேண்டாமா என்று நினைத்தாள். நினைத்ததோடு விட்டிருக்கலாம். "உங்க பெஞ்சுல இன்னொரு நேரம் உக்கார்ற பொண்ணுக்கு ஒரு லெட்டர் எழுதி அடித்தட்டுல வைங்க. பெரிய மிஸ்கிட்ட மட்டும் மூச்சு விடாதீங்க" என்று இரண்டு வகுப்பிலும் சொன்னாள். பிள்ளைகளுக்கு ரகசியம் என்றால் கேட்க வேண்டுமா! ஒரே வாரத்தில் அடித்தட்டெல்லாம் கடிதம். வாரக் கடைசியில் அவற்றை வாங்கிப் படித்து, பிழை திருத்தி, ஒரு மஞ்சள் கோப்பில் போட்டு வைத்தாள். எப்போதாவது மாவட்ட ஆய்வாளர் வந்தால் காட்டலாம் என்று ஓர் ஆசை. வஜீஹாவிடம் அதற்குள் எப்படியாவது சொல்லி ஒப்புதல் வாங்கிவிடலாம் என்று நாளைத் தள்ளிக்கொண்டே போனாள்.

ஜன்னலோரப் பெஞ்சின் காலைச் சொந்தக்காரி தாலீன். வாய் திறந்து பேசாத பிள்ளை. ஆனால் கடிதத்தில் கொட்டித் தீர்த்துவிடுவாள். "எனக்குக் குளிரில் விரல் மடங்காது, அதான் எழுத்து இப்படி" என்று ரனீம் எழுதியதற்கு, மறுநாள் அடித்தட்டில் சிவப்புக் கம்பளிக் கையுறை ஒரு ஜோடி இருந்தது. கூடவே ஒரு சீட்டு: "இது உனக்கு. திருப்பித் தர வேண்டாம். உன் தாலீன்."

ரனீம் அந்தச் சீட்டைத் தூக்கிக்கொண்டு மேசைக்கு ஓடி வந்தாள். "மிஸ், 'உன் தாலீன்'னு போட்டிருக்கா பாருங்க! இத நீங்களே பத்திரமா வச்சுக்கோங்க மிஸ், வீட்டுல தம்பி கிழிச்சுருவான்."

ருதைனா அதை வாங்கி மஞ்சள் கோப்பில் வைத்தாள். அவளுக்குக் கண் கலங்கியது. ஏழு வருஷத்தில் இப்படி ஒரு பாடம் நடத்தியதில்லை என்று தோன்றியது. அது உண்மையும்கூட.

அந்தக் கையுறை தாலீனுக்குக் குவைத்திலிருந்து அவள் சித்தி அனுப்பியது. மூன்றாம் நாள் தாலீனின் அம்மா அமல் அதைத் தேடினாள். பயத்தில் தாலீன், "பெஞ்சுலயே மறந்துட்டேன்மா" என்றாள். அமல் விடுகிற ஆளா? மகளைக் கையோடு இழுத்துக்கொண்டு, மதிய வகுப்பு நடந்துகொண்டிருக்கும்போதே உள்ளே வந்துவிட்டாள். ஜன்னலோரத்தில் சிவப்புக் கையுறையோடு ஒரு பிள்ளை குனிந்து ஏதோ எழுதிக்கொண்டிருந்தது.

ஐந்து நிமிஷத்தில் எல்லோரும் வஜீஹாவின் அறையில் இருந்தார்கள். மண்ணெண்ணெய் அடுப்பின் மேல் தேநீர் கொதித்துக்கொண்டிருந்தது. யாரும் அதை இறக்கவில்லை.

"இருக்க எடம் குடுத்தோம், படிக்கப் பெஞ்சு குடுத்தோம். இப்ப எம்பொண்ணு கையில கெடக்குறதயும் உருவுறாங்க!" என்றாள் அமல்.

"நான் எடுக்கல. அவதான் குடுத்தா" என்றாள் ரனீம்.

"நீ குடுத்தியாடி?" என்று அமல் மகளைப் பார்த்தாள்.

தாலீன் தன் காலணியைப் பார்த்தாள். "இல்லம்மா."

ரனீம் அழவில்லை. அவளிடம் ஆதாரம் இருந்ததே! "சீட்டு எழுதியிருக்கா. அது மிஸ்கிட்ட இருக்கு. மிஸ், காட்டுங்க மிஸ்."

வஜீஹா கண்ணாடியைக் கழற்றினாள். "என்ன சீட்டு ருதைனா? காலைப் பிள்ளைங்களுக்கும் மதியப் பிள்ளைங்களுக்கும் லெட்டர் போக்குவரத்து நடக்குதா என்ன? என் உத்தரவ மீறியா?"

மஞ்சள் கோப்பு ருதைனாவின் தோள்பையில் இருந்தது. பை மடியில் இருந்தது. கையை உள்ளே விட்டால் போதும். அவள் மனசில் அந்த நேரம் ஓடியதெல்லாம் ஒன்றுதான்: காலைப் பள்ளி போச்சு, மதியப் பள்ளியும் போச்சு. பிள்ளையை அப்புறம் சமாதானப்படுத்திக்கொள்ளலாம், இதை எப்படியாவது பின்னால் சரிபண்ணிவிடலாம் என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டாள். கோழைகள் எல்லோரும் சொல்லிக்கொள்வதுதான்.

"அப்படி ஒண்ணும் எங்கிட்ட இல்ல மேடம்" என்றாள்.

ரனீம் அவளைப் பார்த்தாள். கோபமாகப் பார்த்திருந்தால்கூடத் தாங்கியிருக்கலாம். மிஸ்ஸுக்கு மறந்துபோயிருக்கும் என்று நினைத்துக்கொண்டு, ஞாபகப்படுத்துகிற குரலில் மெதுவாகச் சொன்னாள்: "மஞ்ச ஃபைல்ல மிஸ்."

"போதும்" என்றாள் வஜீஹா. "திருடுனதுமில்லாம மிஸ் மேலயும் பழி போடுறியா?"

ரனீம் இரண்டு கையுறையையும் கழற்றி மேசைமேல் வைத்தாள். ஒன்றின் மேல் ஒன்று, விரலோடு விரல் சேர்த்து வைத்தாள்.

மறுநாள் மதியம் அவளுடைய அப்பா வந்தார். நகங்களில் தோட்டத்து மண் இருந்தது. அவர் சத்தம் போடவில்லை. மாற்றுச் சான்றிதழ் கேட்டார். அடுத்த பள்ளிக்கு அரை மணி நேரம் நடக்க வேண்டும் என்று ருதைனா தாழ்வாரத்தில் நின்று முணுமுணுத்தாள்.

"நடப்பா மிஸ். நாங்க நடக்காததா?" என்றார். "எம்பொண்ணு திருடல. திருடின்னு சொன்ன எடத்துல அவள உக்கார வைக்க மாட்டேன். உங்கமேல எனக்கு வருத்தமில்ல. உங்களுக்கு என்ன கஷ்டமோ, அதான் சொல்லலன்னு அவளே சொல்றா."

அப்படிச் சொன்னதற்குப் பதில் அவர் நாலு அறை விட்டிருக்கலாம். ருதைனாவின் வாய்வரைக்கும் உண்மை வந்தது. அலுவலகக் கதவு திறந்தே இருந்தது. உள்ளே வஜீஹா அவளுடைய அறிக்கையை எழுதிக்கொண்டிருந்தாள். வந்த உண்மை வந்த வழியே திரும்பிவிட்டது.

அடுத்த நாள் காலை வகுப்பில் முள்ளம்பன்றிக் கதையின் கடைசிப் பயிற்சி. பிள்ளைகள் மூன்று கட்டத்தையும் நிரப்பிக் கொண்டுவந்து காட்டினார்கள். எல்லாவற்றிலும் முள்ளம்பன்றி நல்லதாகிவிட்டிருந்தது. மணி அடித்து எல்லோரும் போனபிறகும் தாலீன் மட்டும் ஜன்னலோரப் பெஞ்சில் இருந்தாள். ருதைனா அருகில் போய்ப் பார்த்தாள். மூன்றாவது கட்டம் வெறுமையாக இருந்தது.

"ஏம்மா எழுதல?"

தாலீன் அடித்தட்டில் கைவிட்டு, நோட்டுத்தாளில் சுற்றிய ஒரு சின்னப் பொட்டலத்தை எடுத்து வைத்தாள். உள்ளே எள் ரொட்டி மூன்று இருந்தன. ஒன்று உடைந்திருந்தது. தாளில் ரனீமின் எழுத்து, வழக்கத்தைவிட அழகாக:

"கையுறை போட்டுக்கொண்டே எழுதுகிறேன். எனக்குக் கொஞ்சம் பெரிசு. ஆனால் அடுத்த வருஷமும் போடலாம். ரொட்டி அம்மா செய்தது. நாம் ஒருநாள்"

அதற்குமேல் இல்லை. அதை எழுதிக்கொண்டிருந்தபோதுதான் அமல் உள்ளே வந்திருக்கிறாள்.

"மிஸ்" என்றாள் தாலீன். வகுப்பில் அவள் குரலை ருதைனா கேட்பதே அபூர்வம். "அம்மா அடிப்பாங்கன்னு பயந்து இல்லன்னு சொல்லிட்டேன். ஆனா லெட்டர்தான் உங்ககிட்ட இருந்துச்சே மிஸ்? நீங்க சொல்லிருவீங்கன்னு நெனச்சேன்."

ருதைனா உடைந்த ரொட்டியைத் தாளில் மற்றவற்றோடு சேர்த்து வைத்தாள்.

"இப்பப் போயி சொல்லலாமா மிஸ்? நீங்க வந்தா நானும் வர்றேன்."

அலுவலகம் நாலு கதவு தள்ளித்தான் இருந்தது. பிள்ளை எழுந்து நின்று, கையை நீட்டிக்கொண்டு காத்திருந்தது. கதையில் கொண்டலாத்தி முள்ளம்பன்றியின் வளைவாசலில் வந்து நின்ற இடம் இதுதான் என்று ருதைனாவுக்குத் தெரிந்தது. கதை தெரியாதவளா அவள்?

"நேரமாச்சு. அம்மா வாசல்ல நிப்பாங்க" என்றாள். "அந்தக் கட்டத்த வீட்டுல எழுதிட்டு வா."

தாலீன் கையை மடக்கிக்கொண்டாள். "என்ன எழுதணும் மிஸ்?"

"எல்லாரும் எழுதுனதுதான்."

பிள்ளை போய்விட்டது. ருதைனா வெறும் வகுப்பில் உட்கார்ந்து, தினமும் வஜீஹா கையெழுத்துப் போடும் பாடக்குறிப்பேட்டைத் திறந்தாள். 'நோக்கம்: கதைமாந்தர் எப்படி மாறி நட்பைக் கற்றுக்கொள்கிறார்கள் என்பதை மாணவிகள் உணர்தல்.' அதற்கு எதிரே எப்போதும் நிரப்ப வேண்டிய ஓர் இடம் உண்டு. அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, 'நோக்கம் நிறைவேறியது' என்று எழுதினாள். பிறகு பொட்டலத்தை மடித்துப் பையில், மஞ்சள் கோப்புக்கு அடியில் வைத்துவிட்டு, மதியப் பிள்ளைகளுக்காகக் கரும்பலகையைத் துடைத்தாள்.