நூற்றிரண்டரை சதவீதம்

இந்தியத் திருநாட்டில் நூற்றிரண்டரை சதவீத ஓட்டுப்பதிவு நடத்திக் காட்டிய ஒரே தேர்தல் அதிகாரி நான்தான். கள்ள ஓட்டு ஒன்றுகூடக் கிடையாது. இதை ராயபுரத்தில் கோயில் வாசலில் நின்று சொன்னால், சனங்கள் என் பென்ஷன் புத்தகத்தையே ஒரு மாதிரியாகப் பார்க்கிறார்கள். பார்க்கட்டும்.

அறுபத்தேழாம் வருஷம். எண்ணூர்க் கழிமுகத்தை ஒட்டிய பள்ளிக்கூடம் ஒன்றில் எட்டாம் வகுப்புக்கு நான் டீச்சர். சிலுவையம்மா டீச்சர் என்றால் அலையே கைகட்டி நிற்கும். வாரத்துக்கு ஒரு பீரியட் குடிமைப் பயிற்சி. வேறு பள்ளிகளில் அந்த நேரத்தில் பிள்ளைகளை மைதானம் கூட்ட விடுவார்கள். நான் தேர்தல் நடத்துகிறேன் என்றேன். பெரிய தேர்தல் முடிந்து ஆறே மாதம்; பிள்ளைகளுக்குக் கோஷம் போட்ட தொண்டை இன்னும் ஆறவில்லை.

"விளையாட்டுக்கு எதுக்கு டீச்சர் இவ்ளோ காகிதம்?" என்றார் தலைமையாசிரியர் கஸ்பார் சார்.

"ஜெயிக்கிற தலைவர் எழுதுற ஒரே ஒரு மனுவ நீங்க முத்திரை போட்டு மேல அனுப்பணும் சார். அப்பத்தான் அது தேர்தல். இல்லேன்னா கண்ணாமூச்சி."

மூன்று நாள் முனகிவிட்டு ஒப்புக்கொண்டார். ஆனால் ஒரு ஓட்டில் தில்லுமுல்லு இருந்தாலும் தேர்தல் ரத்து, மனுவும் ரத்து என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்.

இரண்டு பேர் நின்றார்கள். லாரி ஆபீஸ்காரர் மகன் ரஷீது, கால்பந்து மைதானம் கேட்டு மனு போடுவேன் என்றான். அக்கரைக் குப்பத்துப் பவானி கேட்டது ஒரு படகு. அங்கிருந்து எட்டுப் பிள்ளைகள் தினமும் ஒரு ஓட்டைப் படகில்தான் பள்ளிக்கு வந்தார்கள். போன கார்த்திகை மழையில் அது கவிழ்ந்து பவானியின் அக்கா கன்னியம்மா போய்விட்டாள். ஒரு வயது மூத்தவள். இருவரும் ஒரே வகுப்பு. உடல் கிடைக்கவே இல்லை. படகை மட்டும் தேடிப் பிடித்துத் தார் பூசி மறுபடி விட்டார்கள்.

"புதுப் படகு வரலேன்னா மழைக்கு முன்னாடி இவள பள்ளிக்கூடத்த வுட்டு நிறுத்திடுவேன்" என்று பவானியின் அம்மா சொல்லிவிட்டாள். ஆக, அந்தப் பெண்ணுக்கு இந்தத் தேர்தல்தான் பள்ளிக்கூடம்.

வாக்காளர் பட்டியலை வருகைப் பதிவேட்டைப் பார்த்து எழுதினோம். நாற்பத்தொரு பேர். பதினேழாவது கன்னியம்மா. "பாடி கெடைக்கல டீச்சர், பேரை அடிச்சுடாதீங்க" என்று அவள் அம்மா மாதாமாதம் வந்து நிற்பாள். யாருக்கு அடிக்கக் கை வரும்? எட்டாம் வகுப்புப் பதிவேட்டிலும் அவள் பேரை எழுதிவிட்டேன். செத்தவர் பேர் இல்லாத வாக்காளர் பட்டியலை நீங்கள்தான் எங்கே பார்த்தீர்கள்? நாற்பத்தொரு ஓட்டுச்சீட்டு வெட்டி மேசையில் வைத்தேன்.

ஓட்டுப்பதிவு மத்தியானம் தொடங்கியது. வகுப்பறைக்குள் கஸ்பார் சார் ஒண்டியாக உட்கார்ந்து, எண்ணைக் கூப்பிட்டு, சிவப்புப் பென்சிலால் டிக் போட்டு, விரலில் மை வைத்து அனுப்பினார். பிள்ளை ஒரு சீட்டை எடுத்துக் கரும்பலகைக்குப் பின்னால் போய்க் குறியிட்டு பிஸ்கட் டின்னில் போடவேண்டும். நான் வராந்தாவில் வரிசையைக் கவனித்தேன்.

பத்துப் பதினைந்து பேர் போயிருப்பார்கள். கடல் காற்று பட்டென்று நின்றது. எண்ணூரில் காற்று நிற்பதாவது! கொடிக்கம்பத்துக் கயிறுகூட அசையவில்லை. எங்கிருந்தோ கழிமுகத்துச் சேற்று வாடை. வரிசையைப் பார்த்தால் நடுவில் ஓர் ஆள் நிற்கிற அளவுக்கு இடைவெளி.

"அமீருதீன், முன்னாடி நகருடா."

"எப்டி டீச்சர் நகர்றது? ஆளு கீது."

"எங்கடா ஆளு?"

"தோ, எம் முன்னாடி. நீங்க சும்மா இருங்க டீச்சர், அவ நம்பர்தான் வருது."

அவன் சிரிக்கவில்லை. குப்பத்துப் பிள்ளைகள் மற்ற ஏழு பேரும் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். பவானி மட்டும் அந்த இடைவெளியையே பார்த்தாள். நான் பயப்படவில்லை; என் கால்கள்தான் என்னைக் கேட்காமல் தூண் வரைக்கும் போய்விட்டன. உள்ளே கஸ்பார் சாரின் குரல் கேட்டது: "பதினேழு." இடைவெளி வாசலை நோக்கி நகர்ந்தது. கொஞ்ச நேரத்தில் "பதினெட்டு" என்றார். அமீருதீன் உள்ளே போனான். காற்று மறுபடி வீசியது.

டின்னைத் திறந்து எண்ணினோம். ரஷீது இருபது. பவானி இருபத்தொன்று.

கஸ்பார் சார் வகுப்பைத் தலை எண்ணினார். நாற்பது. சீட்டை எண்ணினார். நாற்பத்தொன்று. நான்கு தரம் எண்ணினார்.

"டீச்சர், நீங்க போட்டீங்களா?"

"மாதா மேல சத்தியமா இல்ல சார்."

"அப்ப எவனோ ரெண்டு தரம் போட்டிருக்கான். விரலக் காட்டுங்கடா எல்லாரும்!"

நாற்பது விரல்கள் நீண்டன. ஒவ்வொன்றிலும் ஒரே ஒரு பொட்டு. நான் பட்டியலை எடுத்து அவர் முன்னால் வைத்தேன். பதினேழுக்கு நேராகச் சிவப்புப் பென்சில் டிக்.

"கை பழக்கத்துல போட்டிருக்கும்" என்றார். "நடக்காதது நடந்துச்சுன்னு நான் எழுத முடியாது. ஒரு ஓட்டு கூடுது. தேர்தல் ரத்து. மனு கிடையாது."

ரஷீது எழுந்தான். "சார், அது எனக்கு விழுந்த ஓட்டாக்கூட இருக்கும். ரகசிய ஓட்டாச்சே. நான் தோத்தேன்னு எழுதிக்கோங்க, பரவால்ல." ஒருவேளை அவள் கால்பந்துக்கே போட்டிருக்கலாம்தான். எந்தச் சீட்டு அவளுடையது என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

"உக்காருடா. செல்லாதுன்னா செல்லாது."

பவானி மேசைக்கு வந்தாள். அழவில்லை.

"இன்னா சார் செல்லாது? லிஸ்ட்ல பேர் கீது. நீங்கதான கூப்ட்டீங்க. நாளைக்கு எங்கம்மா என்னிய நிறுத்தும், நான் பாட்டுக்கு வூட்ல குந்திகினு இருப்பேன், அது வேற. எங்க அக்கா வந்துச்சா இல்லியா? அத்த மட்டும் சொல்லுங்க சார்."

கஸ்பார் சார் மைப்புட்டியின் மூடியைத் திருகினார், கழற்றினார், மறுபடி திருகினார். நான் எத்தனையோ பொய் சொல்லியிருக்கிறேன். அந்த மூடியை அவர் அரை மணி நேரம் திருகினார் என்பது மட்டும் பொய்யில்லை.

"பதினேழுன்னு கூப்ட்டேன்" என்றார் கடைசியில், என்னைப் பார்த்து இல்லை, பவானியைப் பார்த்து. "உள்ளேன் ஐயான்னு கேட்டுச்சு. விரல நீட்டினா. ஐஸ் மாதிரி இருந்துச்சும்மா. மை ஒட்டல, வழிஞ்சு வழிஞ்சு போச்சு. மூணு தரம் வெச்சேன். நல்லா வைங்க சார், இல்லேன்னா செல்லாதுன்னுடுவாங்கன்னு சொன்னா. நிமிந்து மொகத்தப் பாக்க எனக்குத் தைரியம் வரல."

மனுவுக்கு வைத்திருந்த வெள்ளைத்தாளைப் பவானி பக்கம் தள்ளினார்.

"எழுது. வந்தது உங்க அக்காதான்."