தாழ இறக்கிய பியட்

முத்திருளனின் பியட்டில் பின்சீட்டு கிடையாது. கனம் குறையட்டும் என்று கழற்றிப் போட்டுவிட்டான். இன்ஜின் ஹெட்டைச் சீவி, ரெண்டு கார்புரேட்டர் பூட்டி, முன் ஸ்பிரிங்கை ஒன்றரைச் சுற்று வெட்டி, வண்டியைத் தரையோடு தரையாக இறக்கியிருந்தான். பகலெல்லாம் லாரிப் பட்டறையில் சம்மட்டி அடித்தது போக மிஞ்சிய தெம்பையெல்லாம் அதில்தான் கொட்டினான். இப்போது மிஞ்சுவதும் இல்லை.

பெண்டாட்டி முத்துத்தாய்க்கு நிறைமாசம். ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போகக்கூட உதவாத கார்.

"இந்த ஞாயித்துக்கிழமை பந்தயத்துல சிவசங்கரன் சாரு ஹெரால்டு காரை முந்தலைன்னா, சீட்டைப் போட்டு, ஒசத்தி, வாடகைக்கு விட்டுர்றேன்" என்று அவளிடம் சொல்லியிருந்தான்.

"எம்புட்டு ஞாயித்துக்கிழமைய நானும் பாத்துட்டேன்" என்றாள்.

மதுரை காளவாசலில் மூன்று கார்கள் கூடின. சிவசங்கரன் பேங்க் ஆபீசர். அம்பாசடர்க்காரன் பேயாண்டி, அரிசி மில் வைத்திருப்பவன். குனிந்து பார்த்துச் சொன்னான்: "மாப்ள, ஒன் வண்டிக்கடியில எறும்பு போகணும்னாலும் குனிஞ்சுதான் போகணும்."

திருமங்கலம் வரைக்கும் ஓட்டம். திருப்பரங்குன்றம் தாண்டியதும் முத்திருளன் ஹெரால்டை முந்தினான். அத்தனை மாசத்தில் அதுதான் முதல் தடவை. முன்னால் ரோடு மட்டும்தான் இருந்தது.

பிறகு அந்த ரோட்டையும் காணோம். தை மாச அறுவடை. வண்டிச் சக்கரம் மிதித்து உதிரட்டும் என்று கொள்ளுக்கொடியை ரோட்டு அகலத்துக்கும் பரப்பியிருந்தார்கள். ஓரத்து மண்ணில் இறங்கினால் இன்ஜின் அடி தட்டி உடையும். கொடிக்குள் விட்டால் அடியில் சுழலும் ஷாஃப்டில் சுற்றும். காட்டுவேலையில் வளர்ந்தவனுக்கு அது தெரியாமல் இல்லை. நின்று ஒதுக்க நேரமும் இல்லை. விட்டான்.

பாதியில் கருகல் வாடை வந்தது. அடியிலிருந்து புகை கிளம்ப, வண்டியை நிறுத்திக் குதித்தான். கொடியைப் புரட்டிக்கொண்டிருந்த பொம்பளை கூடையோடு ஓடிவந்து மண்ணை அள்ளி எறிந்தாள். தீ அடங்கியது. ஹெரால்டும் அம்பாசடரும் ஓரத்து மண்ணில் இறங்கி ஏறிப் போய்விட்டன.

அவளிடம் அரிவாள் வாங்கி, மல்லாக்கப் படுத்து உள்ளே நுழைந்தான். ஷாஃப்டில் கொடி கயிறாக முறுக்கியிருந்தது. அவள் கொள்ளைக் கிளறிப் பார்த்தாள்.

"அம்புட்டுச் சத்தமா வந்தியேப்பா, ஒரு கைப்பிடிகூட உதிரல. கனமே இல்லாத காரு. பஸ்ஸு ஒண்ணு வந்தாப் போதும் எனக்கு."

கொஞ்சம் கழித்து இரண்டு பேரும் திரும்பி வந்தார்கள். சிவசங்கரன் குனிந்தார்.

"இது கணக்குல சேராது முத்திருளன். நீங்கதான முன்னால போனீங்க. அடுத்த வாரம் மறுபடி வச்சுக்கலாம்."

"சாரே சொல்றார்ல, ஒத்துக்க மாப்ள" என்றான் பேயாண்டி.

சூட்டுக் குழாய் பட்டு முழங்கை எரிந்தது. அடுத்த வாரம், அதற்கடுத்த வாரம். சரி என்ற சொல் வாய்வரை வந்தது. ஆனால் உடம்பில் அதற்கு மிஞ்சிய தெம்பு இல்லை.

"வேணாம் சார். நீங்க மண்ணுல எறங்கிப் போனீங்க. என் வண்டியால முடியல. அம்புட்டுத்தான்."

ஒரு முறுக்கை அறுத்து வெளியே எறிந்தான்.

"முன் ஸ்பிரிங்கு ஒரு செட்டு பழசா இருந்தாச் சொல்லுங்க."

"உங்களோடது இருக்கே?"

"அத வெட்டிட்டேனே சார், இனி ஒசத்தணும்" என்றபடி அடுத்த கொடியை அறுத்தான்.