ஏழா, ஒன்பதா

டாகுரியா பாலத்தின் பாதி ஏற்றத்தில் வண்டி மறுபடியும் குலுக்கியது. பின் சீட்டிலிருந்த இட்லி மாவு டப்பா ஒன்று கவிழ்ந்து, மாவு சீட்டுக்கடியில் வழிந்தது. பின்னால் மினிபஸ்காரன் ஹாரனிலிருந்து கையை எடுக்கவேயில்லை. எனக்கு வந்த ஆத்திரத்தில் ஸ்டியரிங்கைப் பிடுங்கி எறிந்திருப்பேன்.

ஜாதவ்பூரில் தங்கிப் படிக்கிற நம்மூர்ப் பிள்ளைகளுக்கு மாவு அரைத்துக் கொண்டுபோய்க் கொடுப்பது என் தொழில். இந்தப் பழைய மாருதி இல்லாவிட்டால் அந்தத் தொழிலும் இல்லை. இது என் கணவர் வெங்கடநாராயணனுக்கு நன்றாகவே தெரியும். பேங்க் ஆபீஸர் பெண்டாட்டி மாவு விற்பதா என்று ரிடையர் ஆனதிலிருந்து முணுமுணுக்கிற மனுஷர். வண்டி குலுக்க ஆரம்பித்ததுதான் தாமதம், விற்பதற்கு ஆளைப் பிடித்துவிட்டார். சென்குப்தா என்று ஒருவர் அன்று சாயங்காலம் பார்க்க வருவதாக ஏற்பாடு.

"ஓட்டத் தெரியாம ஓட்டி இன்ஜினையே கெடுத்துட்டே. வித்துத் தொலைச்சுடலாம்" என்றார்.

நானா கெடுத்தேன்? பாலிகஞ்ச் வீட்டு வாசலிலேயே பானெட்டைத் திறந்தேன். கையில் துணியைச் சுற்றிக்கொண்டு, ஓடுகிற இன்ஜினில் ஸ்பார்க் ப்ளக் வயர்களை ஒவ்வொன்றாகப் பிடுங்கிப் பிடுங்கிச் செருகினேன். எதைப் பிடுங்கினாலும் இன்ஜின் தடுமாறியது. அப்படியானால் மூன்று சிலிண்டருக்கும் உயிர் இருக்கிறது. பாரம் ஏறும்போது மட்டும் பொறி விட்டுப்போகிறது. ப்ளக்கைக் கழற்றிப் பார்த்தேன். புத்தம் புதுசு, போன மாதம் இவரே வீடியோ பார்த்து மாற்றியது. நுனியில் இடைவெளி அகலமாக இருந்தது. அது எத்தனை மில்லிமீட்டர் இருக்கவேண்டும் என்று பழைய மெக்கானிக் பானெட்டின் உள்பக்கம் வெள்ளை பெயின்டில் எழுதியிருந்தான், பெங்காலி எண்ணில். பார்த்ததும் எனக்குக் கோபம் ஜிவ்வென்று தலைக்கு ஏறியது.

சென்குப்தா வந்து சேரும்வரை வாயைத் திறக்கவில்லை. வந்ததும் கூப்பிட்டேன்.

"ஏன்னா, இங்க வாங்கோ. இது என்ன நம்பர்? படியுங்கோ."

"பாயின்ட் ஒம்போது. அதுக்கென்ன இப்போ?"

சென்குப்தா எட்டிப் பார்த்துச் சிரித்துவிட்டார். "ஓட்டா தோ ஷாத், தாதா!"

ஏழு! பெங்காலி ஏழு பார்க்க ஒன்பது மாதிரிதான் இருக்கும். இவர் அதை ஒன்பதாகவே படித்து, ப்ளக்கின் இடைவெளியை அகட்டியிருக்கிறார். முப்பது வருஷமாக இந்த மனுஷர் ஏறி இறங்கிய பஸ்ஸிலெல்லாம் அந்த ஏழு இருந்திருக்கிறது. பிழைக்க வந்த ஊரின் எழுத்து நமக்கெதற்கு என்று அதில் பெருமை வேறு. பழி மட்டும் என் தலையில்.

மூன்று ப்ளக்கையும் லேசாகத் தட்டி ஏழுக்குக் கொண்டுவந்தேன். இரண்டு பேரையும் ஏற்றிக்கொண்டு அதே பாலத்தில் ஏறினேன். ஒரு குலுக்கல் இல்லை. வீட்டு வாசலில் இருவரும் இறங்கினார்கள். ஒரு வார்த்தை, 'தப்பு என்னோடது' என்று ஒரே ஒரு வார்த்தை சொல்வார் என்று உட்கார்ந்திருந்தேன்.

"ஃபர்ஸ்ட் கிளாஸ் கண்டிஷன், மிஸ்டர் சென்குப்தா! இனிமே பழைய ரேட் கிடையாது" என்று இங்கிலீஷில் சொல்லிவிட்டு, ஜன்னலுக்குள் கையை நீட்டினார். "சாவியக் குடு, பத்மா."

அவர் கையை இழுத்துக்கொள்ளும்படி கண்ணாடியை ஏற்றினேன். வெளியே அவர் வாய் அசைந்துகொண்டேயிருந்தது. சொல்வது எதுவும் காதில் விழவில்லை. இன்ஜின் மட்டும் சீராக ஓடிக்கொண்டிருந்தது. ஃபர்ஸ்ட் கியரைப் போட்டேன்.