உறவுமுறை: தங்கை

நோட்டீஸ் ஒட்ட வந்தவனுக்கு என்ன வந்தது? கதவில் பசையைத் தடவினான், ஒட்டினான், செல்போனில் படம் பிடித்தான், வண்டியைக் கிளப்பிக்கொண்டு போயே போய்விட்டான். உலையில் அரிசி போட்டுக்கொண்டிருந்த மெஹராஜ்தான் கரண்டியும் கையுமாக ஓடிவந்து அதைப் படித்தாள். வீட்டுக்காரி ஒச்சாயி, வீட்டின்பேரில் வாங்கிய கடனைக் கட்டவில்லையாம். வியாழக்கிழமை காலை பேங்க்காரர்கள் போலீசோடு வந்து எல்லோரையும் வெளியேற்றிப் பூட்டுப் போடுவார்களாம். அன்று திங்கள்.

வாடகை வீடென்றால் சட்டி பானையைத் தூக்கிக்கொண்டு வேறு தெரு பார்க்கலாம். இது ஒத்தி வீடு. மொத்தமாக நாலு லட்சம் கொடுத்து, மாத வாடகை இல்லாமல் இருந்துவிட்டு, காலி செய்கிற அன்று பணத்தைத் திருப்பி வாங்கிக்கொள்கிற ஏற்பாடு. புருஷன் வாஜித் தோல் பதனிடும் ஷாப்பில் இருபது வருஷம் நாற்றத்தில் நின்று சேர்த்ததும், மெஹராஜின் கழுத்தில் காதில் கிடந்ததும் அதற்குள்தான் போயிருந்தன. வேறு வீட்டுக்கு முன்பணம் கொடுக்கக்கூட வக்கில்லை. மகள் தஹ்சீனுக்கு அடுத்த வாரம் பன்னிரண்டாம் வகுப்புப் பரீட்சை வேறு.

செவ்வாய்க்கிழமை காலை, கோர்ட்டு வளாகத்தில் இருக்கும் இலவச சட்ட உதவி மையத்துக்கு ஓடினாள். "பொம்பளைங்கன்னா வருமானமெல்லாம் பாக்க மாட்டாங்கம்மா, ஃபீஸும் கெடையாது. மொதல்ல உக்காருங்க" என்றார் அங்கிருந்த வக்கீல் ஐரின். ஒத்திப் பத்திரத்தைப் புரட்டினார். "ரிஜிஸ்டர் பண்ணலையே?"

"ஒச்சாயி அக்காதானேன்னு விட்டுட்டோம் மேடம்."

ஐரின் பேங்க் வக்கீலுக்குப் போன் போட்டார். செத்த நேரத்தில் வாட்ஸ்அப்பில் ஒரு தாள் வந்து விழுந்தது. சத்தமாகப் படித்தார். 'நான் வீட்டு உரிமையாளரின் தங்கை. வாடகையோ ஒத்தியோ இல்லாமல் குடியிருக்கிறேன். இவ்வீட்டில் எனக்கு எந்த உரிமையும் கிடையாது.' கீழே மெஹராஜின் கையெழுத்து.

அடப்பாவமே, அந்தத் தாளா! இரண்டு வருஷத்துக்கு முன்னால் கடன் கொடுக்க வீட்டைப் பார்வையிட ஒரு பேங்க்காரர் வந்தார். இங்கே குடியிருப்பது யார் என்று கேட்டார். ஒச்சாயி இவள் தோளில் கையைப் போட்டு, "யாருன்னா கேக்குறீக? என் தங்கச்சி சார்" என்றாள். மெஹராஜுக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. தான் கர்ப்பப்பை ஆபரேஷனுக்கு ஆஸ்பத்திரியில் கிடந்தபோது பத்து நாள் பக்கத்தில் படுத்து மூத்திரப்பை மாற்றியவள் அல்லவா ஒச்சாயி? பிறகு, "இதுல ஒரு கையெழுத்துப் போடுடி" என்றாள். மெஹராஜ் போட்டாள்.

"படிச்சுப் பாக்கலையாம்மா?"

"அக்கா நீட்டுனதப் படிச்சுப் பாத்தா சந்தேகப்பட்ட மாதிரி ஆயிருமே மேடம்!"

ஐரினுக்குக் கோபமும் வந்தது, சிரிப்பும் வந்தது. "ஒச்சாயிக்குத் தங்கச்சி மெஹராஜாம். பாக்க வந்த பேங்க்காரரு பேரக்கூடப் பாக்கல போல. அந்த ஒரு பிடிதான் இருக்கு நமக்கு." பிறகு குரலைத் தாழ்த்திச் சொன்னார். "அந்தம்மா வந்து, இவங்க என் சொந்தமில்ல, ஒத்திக்கு இருக்கவங்க, கடன் கெடைக்கணும்னு நான்தான் பொய் சொல்லிக் கையெழுத்து வாங்கினேன்னு பிரமாணப் பத்திரம் கொடுக்கணும். நாளைக்குப் பன்னெண்டு மணிக்குள்ள. மதுரைக் கடன் தீர்ப்பாயத்துல, பூட்டுப் போடத் தடை கேட்டுப் பாக்கலாம். கெடைக்கும்னு சத்தியம் பண்ண மாட்டேன்."

கன்னிவாடியில் தம்பி வீட்டில் ஒளிந்து கிடந்தாள் ஒச்சாயி. மிளகாய் யாவாரத்தில் போட்டதெல்லாம் போய், ஆளே பாதியாகியிருந்தாள். அன்று சாயங்காலமே தேடிப் போய் மெஹராஜ் விஷயத்தைச் சொன்னதும் கையை உதறினாள்.

"பேங்க ஏமாத்துனேன்னு நானே எழுதிக் குடுக்கவா? உள்ள தூக்கி வச்சிருவாங்கடி! வீடுதான் போச்சு, மானமும் போகணுமா?"

"எங்க நாலு லட்சம் போகுதே அக்கா! வயசுப் பொண்ண வச்சுக்கிட்டு நடுத்தெருவுல நிக்கவா?"

ஒச்சாயி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். மெஹராஜுக்கு வேறு வழி தெரியவில்லை. படைத்தவனைத் தவிர யார் முன்னாலும் தரையில் படாத நெற்றி அது. தடாலென்று விழுந்து அவள் காலைப் பிடித்துக்கொண்டாள். "ஐயையோ, என்னடி பண்ற, எந்திரி, எந்திரி!" என்று ஒச்சாயி பதறித் தூக்கினாள். தலையில் அடித்துக்கொண்டு அழுதாள். ஆனால் வருகிறேன் என்று சொல்லவில்லை. தம்பி வந்து, "நீங்க கெளம்புங்க" என்று வாசலைக் காட்டினான்.

புதன்கிழமை காலையிலிருந்து ஒச்சாயியின் போன் அணைந்தே கிடந்தது. சட்ட உதவி மையத்தில் காத்திருந்த மெஹராஜ் முப்பது தடவையாவது அடித்திருப்பாள். பதினொன்றரை ஆயிற்று. மூட்டை கட்டட்டுமா என்று வாஜித் போனில் கேட்டான். "கட்டுங்க" என்று சொல்லிப் போனை வைத்தாள் மெஹராஜ். யா அல்லா, நம்பினது ஒரு குத்தமா?

பன்னிரண்டடிக்க ஐந்து நிமிஷம் இருக்கையில் மஞ்சப்பையும் கையுமாக ஒச்சாயி உள்ளே வந்தாள். தலை சீவவில்லை.

"தம்பி போனப் புடுங்கி வச்சுக்கிட்டான். கொல்லப்பக்கமா வந்தேன்" என்றாள். ஐரின் பக்கம் திரும்பி மஞ்சப்பையைத் தூக்கிக் காட்டினாள். "மாத்துச் சேல ரெண்டு எடுத்தாந்திருக்கேன் தாயி. இன்னைக்கே கூட்டிட்டுப் போயிருவாகளா?"

"இன்னைக்கு யாரும் கூட்டிட்டுப் போக மாட்டாங்கம்மா. ஆனா இதுல போடுற கையெழுத்து உங்க தலைக்கு வரலாம். தெரிஞ்சுதான் போடணும்."

"தெரியும், வாசிங்க."

ஐரின் அவசர அவசரமாக வாசித்தார். "மேற்படி மெஹராஜ் என்பவர் எனக்குத் தங்கையோ, வேறு எந்த வகையிலும் உறவினரோ அல்ல."

ஒச்சாயி பேனாவை வாங்கி, ஒவ்வொரு எழுத்தாகத் தன் பெயரை எழுதினாள். மெஹராஜ் புடவைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள். ஐரின் தாள்களை அள்ளிக்கொண்டு மதுரைக்குக் காரைப் பிடிக்க ஓடினார். விடிந்தால் பூட்டா, தடையா என்று இருவருக்குமே தெரியாது.

ஒச்சாயி மெஹராஜை மேலும் கீழும் பார்த்தாள்.

"நேத்திலேருந்து எதுவும் சாப்டியாடி?" என்றாள்.